யார் மூத்த விமானி?

2012 மே மாதம் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு பகுதியினர் உடல்நலம் சரியில்லை என்று கூட்டமாக விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். அப்படித் தொடங்கிய வேலைநிறுத்தம் 58 நாள் நீடித்தது. பதவி உயர்வு, நிலுவைத் தொகை என்று கோரிக்கைகள் பல இருந்தாலும் முடிச்சு ஒன்றுதான். போயிங் 787 ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சிக்குப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளை அனுப்பக் கூடாது, அது எங்களுக்கு மட்டுமே உரியது என்றது ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு. அவர்கள் உரிமை கொண்டாடிய விமானம் அப்போது நிறுவனத்தின் கைக்கே வந்து சேரவில்லை. முதல் ட்ரீம்லைனர் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தில்லியில் வந்து இறங்கியது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சட்டப்படி ஒன்றானது 2007 ஆகஸ்டில். ஐந்தாண்டு நெருங்கும் வேளையிலும் விமானிகள் இரண்டு முகாம்களாகத்தான் இருந்தார்கள்.

கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்களின் திமிர் என்றுதான் அன்று பலரும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் பாதி சரி. மீதிப் பாதியை யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதன் விலையை 2024இல் மறுபடியும் பயணிகள் கொடுத்தார்கள். அதனால்தான் இந்த வழக்கைத் திறந்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இது ஏதோ பெரிய இடத்துச் சண்டை, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன என்று ஒதுக்கிவிட முடியாது. நம் இரண்டு மாவட்டத்திலும் விமான நிலையம் இல்லை. ஆனால் லப்பைக்குடிகாட்டிலும் வ.களத்தூரிலும் குடும்பத்தில் ஒருவராவது வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். அவர்கள் எல்லோரும் திருச்சியில்தான் விமானம் ஏறுகிறார்கள். விமானிகளின் சண்டைக்கு வேராக இருக்கும் பணிமூப்புப் பட்டியலைப் பற்றியும் இந்த ஊர் அரசு ஊழியர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைத்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். மாவட்டத்தை அலகாகக் கொண்டு பணிமூப்பு பார்க்கும் துறைகளில் எல்லை மாறினால் வரிசை மாறும். வரிசை மாறினால் யார் முதலில் துணை வட்டாட்சியர் நாற்காலியில் உட்காருவது என்பதும் மாறும். நேற்று வரை நமக்குப் பின்னால் இருந்தவர் ஒரு அரசாணையில் நமக்கு முன்னால் போய்விடுவார். அந்தக் கசப்பை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு ஏர் இந்தியாவில் நடந்தது எளிதில் பிடிபடும்.

விமானிக்கு அந்த வரிசை எண் இன்னும் கடுமையானது. வலது இருக்கையில் இருக்கும் கோ-பைலட் எப்போது இடது இருக்கைக்கு மாறிக் கமாண்டர் ஆவார், சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்போது போவார், சென்னையில் இருப்பாரா மும்பைக்குப் பெட்டி கட்டுவாரா, தீபாவளிக்கு வீட்டில் இருப்பாரா என்பதை எல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் பெரும்பாலும் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். பதினைந்து வருட எண்ணை யாரும் கையோடு எடுத்துப் போக முடியாது. ஆகவே இரண்டு நிறுவனங்கள் இணையும்போது விமானி முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, "என் எண் என்ன?" என்பதைத்தான்.

இனி மேட்டிமைக்கு வருவோம். 1953இல் விமானப் போக்குவரத்தை அரசுடைமை ஆக்கியபோது இரண்டு கழகங்கள் பிறந்தன. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. உள்நாட்டுக்கு, டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா போன்ற எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ். முதலாவதுக்கு ஜே.ஆர்.டி. டாட்டாவின் பெயர், 1960லேயே போயிங் 707, 1971இல் ஜம்போ ஜெட், லண்டன், நியூயார்க். இரண்டாவதுக்குக் கவுகாத்தி மழை, லே மலைப்பள்ளம், ஒரே நாளில் நாலு முறை ஏறி இறங்கும் வேலை. விமான எண்களின் குறியீட்டை வைத்து ஏர் இந்தியாக்காரர்கள் 'ஏ.ஐ.', இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்கள் 'ஐ.சி.'. ஏ.ஐ. ஆட்கள் ஐ.சி. ஆட்களை உள்ளூர் ஓட்டுநர்களாகப் பார்த்தார்கள். ஐ.சி. ஆட்களோ, மாதத்துக்கு நாலைந்து முறை மட்டும் தரையிறங்கிவிட்டு மீதி நேரம் தானியங்கியை நம்பிப் பறப்பவர்கள் என்று ஏ.ஐ. ஆட்களைப் பேசினார்கள். இணைப்புக்குப் பிறகும் 'ஏ.ஐ.', 'ஐ.சி.' என்ற இரண்டு எழுத்துச் சுருக்கங்கள் மனிதர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே இருந்தன. அலுவலகக் காகிதங்களிலும் 'முன்னாள்' என்ற அடைமொழியோடு அதே பிரிவினை தொடர்ந்தது.

இந்தப் பெருமைகளில் எதற்காவது தொழில் சார்ந்த அடிப்படை உண்டா? பெருங்கடலைத் தாண்டிப் போகும்போது ஒரு எஞ்சின் நின்றால் எந்த நிலையத்துக்குத் திரும்புவது என்று மணிக்கணக்கில் முன்னோக்கித் திட்டமிடுவது ஒரு திறமை. பதினான்கு மணி நேரம் பறந்து, உடம்பு நள்ளிரவு என்று சொல்லும் நேரத்தில் விடியற்காலை ஓடுபாதையில் இறங்குவதும் திறமைதான். அதேபோல, குறுகிய ஓடுபாதையில், பக்கவாட்டுக் காற்றில், கனமழையில், நாளுக்குப் பலமுறை இறங்குவதற்கும் தனித் திறமை வேண்டும். ஒன்றில் தேறியவர் மற்றதில் தானாகத் தேற மாட்டார். ஆனால் இரண்டு பேருக்கும் உரிமம் வழங்குவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஒரே அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித்தனியாகப் பயிற்சி முடித்துத் தேர்வு கொடுத்தே தீர வேண்டும். அகல உடல் விமானம் எங்கள் சொத்து என்ற வாதத்தை வரலாறும் ஏற்கவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் 1976லேயே அகல உடல் கொண்ட ஏர்பஸ் ஏ300 விமானங்களை ஓட்டியது. கம்பிகளுக்குப் பதிலாகக் கணினி வழியே கட்டளை போகும் ஏ320யை 1989இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் அவர்கள் பறந்தார்கள். உள்நாடு, வெளிநாடு என்ற கோடு 2007க்கு வெகு காலம் முன்பே அழிந்துவிட்டது.

விமானி அறையில் 'நான் பெரியவன்' என்ற எண்ணம் என்ன செய்யும் என்பதற்கு 2010 மே 22ஐப் பார்க்க வேண்டும். துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். விமானம் அதிக உயரத்தில், அதிக வேகத்தில் ஓடுபாதையை நெருங்கியது. தரையிறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வரும்படி கோ-பைலட் ஒரு முறைக்கு மேல் சொன்னது குரல் பதிவுக் கருவியில் இருந்தது. பயணத்தின் பெரும் பகுதி நேரம் தூங்கி எழுந்திருந்த கமாண்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த விபத்துக்கும் இணைப்புச் சண்டைக்கும் நேர்த் தொடர்பு இல்லை, அப்படி ஒரு தொடர்பை நான் கற்பிக்கவும் இல்லை. ஆனால் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒருவர் சொல் மற்றவர் காதில் ஏறாத தூரம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைத் தகுதி குறைந்தவர் என்று முன்கூட்டியே தீர்மானித்த கமாண்டர் அந்தத் தூரத்தைத் தானே உண்டாக்குகிறார்.

மறுபக்கமும் நம் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. 2024 அக்டோபர் 11 மாலை 5.40க்குத் திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. அந்த வகை போயிங் 737இல் எரிபொருளை வானத்தில் கொட்ட வழியில்லை. எடை குறையும்வரை சுற்றிச் சுற்றிப் பறந்து தீர்க்க வேண்டும். சுமார் இரண்டரை மணி நேரம் திருச்சி வட்டாரத்தின் மேலே சுற்றிவிட்டு இரவு 8.15 வாக்கில் 141 பேரோடு பத்திரமாக இறங்கினார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால்தான், முன்பு ஏர்ஏசியா இந்தியா என்று இருந்த நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு இணைந்திருந்தது. விமானத்தை ஓட்டும் இருவரும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், யாருடைய எண் முன்னால் என்று கேட்க உள்ளே உட்கார்ந்திருந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆகத் திறமையை வைத்துச் சொன்ன மேட்டிமைக்கு அடிப்படை இல்லை. ஆனால் விமானிகளின் குறைகள் எல்லாமே மேட்டிமையில் பிறந்தவை என்று சொன்னால் அது அநியாயம்.

2011 ஏப்ரல் இறுதியில் முதலில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள். இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன் தலைமையில் சுமார் 800 பேர், பத்து நாள். அவர்கள் கேட்டது சமச் சம்பளம். இரண்டு தரப்பின் சம்பள அமைப்பும் வேறு வேறு. ஒரு நிறுவனம், ஒரே சீருடை, தோளில் ஒரே எண்ணிக்கையில் தங்கக் கோடுகள், ஆனால் மாத இறுதியில் கைக்கு வருவது வேறு. நாலாண்டு பொறுத்த பிறகுதான் தெருவுக்கு வந்தார்கள். நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது, தலைவர்களை வேலைநீக்கம் செய்தது. நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொல்லியும் உடனே திரும்பாதது அவர்கள் தவறு. கோரிக்கை மட்டும் முழுக்க நியாயம்.

2012இல் ஏர் இந்தியா விமானிகள் வைத்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்தால் அவை ஒரே தரத்தில் இல்லை. ட்ரீம்லைனர்களை இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா ஆர்டர் செய்தது, அதனால் அவை எங்களுடையவை என்பது முதல் வாதம். போயிங்கிடம் கேட்ட 68 விமானங்களில் 27 ட்ரீம்லைனர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைக் கடனில் வாங்கியது நிறுவனம். அந்தக் கடனைச் சுமந்தது இணைந்த நிறுவனம். அதைக் காப்பாற்ற 2012 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 30,231 கோடி ரூபாய், அதுவும் வரிப்பணம். அந்த ஒப்புதல் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் விமானத்துக்கு உரிமை கொண்டாடி வேலையை நிறுத்தினார்கள். இந்த வாதம் நிற்காது.

இரண்டாவது, செலவு. ஏற்கெனவே போயிங் 777 ஓட்டுகிறவருக்கு 787க்கு மாற ஐந்து நாள் பயிற்சியே போதும் என்று அப்போதே ஒப்புதல் இருந்தது. ஏர்பஸ்ஸிலிருந்து வருபவருக்கு அதைப்போலப் பல மடங்கு நாள் ஆகும். இது நல்ல வாதம். ஆனால் இதை வைத்து யாரை முதலில் அனுப்பலாம் என்று பேசலாமே தவிர, மற்றவர்களை ஒருபோதும் அனுப்பாதே என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. இந்தியன் ஏர்லைன்ஸில் சிறிய விமானங்கள் அதிகம், ஆகவே ஒரு கோ-பைலட் விரைவாகக் கமாண்டர் ஆனார். ஏர் இந்தியாவில் அதே வயதுக்காரர் பெரிய விமானத்தின் வலது இருக்கையில் பல ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருந்தார். இப்போது கமாண்டர் ஆன தேதியை வைத்து ஒரே வரிசை போட்டால், ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஐ.சி. ஆள் நிரந்தரமாக முன்னால் போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்துப் போட்டால், பல வருடமாகக் கமாண்டராக இருக்கும் ஐ.சி. விமானி, இன்னும் இடது இருக்கையையே பார்க்காத ஒருவருக்குப் பின்னால் போவார். எந்த முறையிலும் யாராவது இழப்பார்கள். இரண்டு பக்கமும் தங்களுக்கு லாபமான தேதியை நியாயம் என்று அழைத்தார்கள். இந்த இடத்தில் தேவைப்பட்டது, இரு தரப்புக்கும் வெளியே நிற்கும் ஒருவர் கணக்குப் போட்டு, இழப்பைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பி, இதுதான் இறுதி என்று சொல்வது.

அதை உரிமையாளரான அரசு செய்யவில்லை. 2007இல் விமானங்களுக்குப் புதுச் சின்னம் வரைந்தார்கள். விமானங்களின் எண்ணில் ஐ.சி. என்ற குறியீட்டை எடுத்துவிட்டு ஏ.ஐ. என்ற ஒரே குறியீட்டுக்கு மாறவே 2011 பிப்ரவரி ஆனது. ஊழியர்களின் சம்பளத்தையும் வரிசையையும் ஒழுங்குபடுத்த நீதிபதி தர்மாதிகாரி குழு அமைந்தது அந்த 2011 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான். அறிக்கை வந்தது 2012 ஜனவரியில். முதல் நாளே மேசையில் இருந்திருக்க வேண்டிய காகிதம் நாலரை ஆண்டு தாமதமாக வந்தது. இணைப்பு நேரம் பார்த்துச் செய்யப்படவில்லை என்று 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் குறை சொன்னது. அந்த நாலரை ஆண்டில் ஒவ்வொரு விமானியும் தன் எண்ணைத் தானே கற்பனை செய்துகொண்டார், அதைப் பறிக்க வருபவன் பக்கத்து இருக்கையில் இருக்கிறான் என்று நம்பினார். மேட்டிமை பழையதாக இருக்கலாம். அதைப் பகையாக வளர்த்தது இந்தத் தாமதம்.

வெளிநாட்டு அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் 2005இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. 2007இல் ஜார்ஜ் நிக்கோலா என்ற நடுவர் வரிசையைத் தந்தபோது, பணிநீக்கத்தில் இருந்த பதினேழு வருட அனுபவமுள்ள கிழக்கு (யு.எஸ். ஏர்வேஸ்) விமானிகள், சில மாதம் முன்பு சேர்ந்த மேற்கு (அமெரிக்கா வெஸ்ட்) விமானிகளுக்குப் பின்னால் போனார்கள். கிழக்கு விமானிகள் தீர்ப்பை ஏற்க மறுத்து, 2008இல் பழைய சங்கத்தையே தூக்கி எறிந்து புதுச் சங்கம் கட்டினார்கள். நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்து, நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்த பிறகு 2016இல்தான் ஒரே வரிசை வந்தது. பதினோரு வருடம். அதே நாட்டில் டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008 அக்டோபர் கடைசியில் இணைந்தன. டிசம்பருக்குள் நடுவர்கள் வரிசையைத் தந்துவிட்டார்கள், வேலை நடந்தது. டெல்டா விமானிகள் பணிவானவர்கள், மற்றவர்கள் திமிர் பிடித்தவர்கள் என்றா இதற்கு அர்த்தம்? நடுவரிடம் போவது, அவர் சொல்வதை ஏற்பது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, நாளைக் குறித்துவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். 2001இல் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது அதன் விமானிகளில் பெரும்பகுதியினரை வரிசையின் கடைசியில் தள்ளிய அநீதிக்குப் பிறகு, 2007இல் அங்கே ஒரு சட்டமே வந்தது. விமான நிறுவனங்கள் இணைந்தால் பணிமூப்பை நியாயமாகச் சேர்க்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் விமானத் துறைக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை.

அது இல்லாததன் விளைவை 2024இல் பார்த்தோம். ஏர் இந்தியா டாட்டா கைக்கு 2022 ஜனவரியில் திரும்பியது. டாட்டாவின் இன்னொரு விமான நிறுவனமான விஸ்தாராவை அதோடு இணைக்கும் முன், விஸ்தாரா விமானிகளுக்குப் புதிய ஒப்பந்தம் நீட்டினார்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் 70 மணி நேரத்துக்குக் கிடைத்த உறுதிச் சம்பளம் 40 மணி நேரமாகக் குறைந்தது. ஏப்ரலில் பலர் விடுப்பில் போக, விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. நிறுவனம் தன் பயணங்களில் பத்து விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டது. ஓய்வு வயதிலும் மேடு பள்ளம். அப்போது விஸ்தாராவில் 60, ஏர் இந்தியாவில் 58 என்று இருந்தது. இந்த முறை 58 நாள் வேலைநிறுத்தம் இல்லை, அது முன்னேற்றம்தான். ஆனால் ஆட்களை முதலில் அதிர வைத்துவிட்டுப் பிறகு சமாதானம் பேசும் பழைய வழக்கம் அப்படியே இருந்தது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 2011 வேலைநிறுத்தக்காரர்கள் கேட்டது சரி, நீதிமன்ற உத்தரவுக்கு உடனே கட்டுப்படாதது தவறு. 2012 வேலைநிறுத்தம் தவறு. வரிசை பற்றிய நியாயமான அச்சத்தை, சக விமானி இந்த விமானத்தைத் தொடவே கூடாது என்ற கோரிக்கையாக மாற்றியபோது அதன் நியாயம் போய்விட்டது. அந்தத் தவறுக்கு 101 விமானிகளின் வேலையும், கோடைக்காலத்தில் டிக்கெட் எடுத்து நின்ற குடும்பங்களின் பயணமும் பலியாயின. ஆனால் இரண்டு தரப்பையும்விடப் பெரிய குற்றவாளி உரிமையாளர்தான். பெயரையும் சின்னத்தையும் இணைத்துவிட்டு மனிதர்களை இணைக்க நாலரை ஆண்டு எடுத்துக்கொண்டவருக்கு, மனிதர்களின் அகந்தையைப் பற்றிப் புகார் சொல்லும் தகுதி இல்லை.

விஸ்தாரா இணைப்புக்கு 2023 செப்டம்பரில் போட்டி ஆணையம் அனுமதி தந்தபோது அதன் கவலை சந்தையில் போட்டி குறையுமா என்பது. விமானி அறைக்குள் என்ன நடக்கும் என்பது அதன் வேலை இல்லை. அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை. அடுத்த இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன், நடுவர் யார், பணிமூப்புப் பட்டியல் எந்தத் தேதிக்குள் வரும் என்ற இரண்டு வரிகளையும் ஒப்புதல் நிபந்தனையாக அமைச்சகம் எழுத வேண்டும். திருச்சியில் விமானம் ஏறும் பெரம்பலூர், அரியலூர் மக்களின் சார்பில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.